ரெண்டு போட்டுக்கோ

ஒரு நவம்பர்ப் புயல் ஒட்லைஃப்பின் வீட்டுக் கூரையில் பாதியைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு உருளைக்கிழங்குத் தோட்டத்தில் பத்திரமாக வைத்துவிட்டுப் போனது. மறுநாள் இன்ஷூரன்ஸ்காரி போன் செய்து என்ன நடந்தது என்று கேட்டாள்.

"கொஞ்சம் காத்து அடிச்சுது" என்றான் ஒட்லைஃப்.

"சேதம் அதிகமா?"

"மழை நேரா உள்ள வருது. மத்தபடி பரவால்ல."

அவன் பொய் சொல்லவில்லை. ஓலெசுன் ஊருக்கு வெளியே தீவுதீவாக உடைந்து கிடக்கும் அந்த நார்வேக் கரையில் பேச்சுக்கு அதுதான் அளவு. இரண்டு நாள் பிரசவ வலியில் கிடந்தவள் "கொஞ்சம் இழுத்துது" என்பாள். கவிழ்ந்த படகிலிருந்து விறைத்துப்போய்த் தூக்கப்பட்டவன், பல் கிட்டித்தது விட்டதும், "தண்ணி லேசா ஜில்லுனு இருந்துச்சு" என்பான். இந்தக் கரையின் பாவிகள் நரகத்துக்குப் போனால் எண்ணெய்க் கொப்பரைக்குள் உட்கார்ந்துகொண்டு "சூடு பரவால்ல" என்று சொல்வார்கள். சாத்தானுக்குத்தான் மனசு விட்டுப்போகும். கஷ்டம் என்று வாய்விட்டுச் சொல்கிறவன், அடுத்தவன் கஷ்டத்தைவிடத் தன் கஷ்டம் பெரிது என்கிறான். அந்த அகம்பாவத்தை ஜெபக்கூடத்துப் போதகர் மன்னித்தாலும் அக்கம்பக்கம் மன்னிக்காது.

இப்படிப்பட்ட ஜனங்களிடம் போய் ஒரு கம்ப்யூட்டர், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் கேட்டது.

ஒட்லைஃப் பதினாறு வயதில் மீன்படகில் ஏறியவன். இருபத்தைந்து வருஷம் காட் மீன் பிடித்து, முட்டி தேய்ந்த பிறகு 'ஹாவ்தெர்னா' என்ற மீட்புக் கப்பலில் துணை மாலுமியாகச் சேர்ந்தான். இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. வீட்டில் மனைவி குன்வோர். அவள் பல் டாக்டருக்கு உதவியாளர். வலிக்கிறதா என்று கேட்டால் ஒருத்தரும் ஆமாம் சொல்லாத ஊரில் அந்த வேலை லேசுப்பட்டதல்ல. அவள் வாயைப் பார்க்கமாட்டாள். நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்திருக்கும் விரல்களைப் பார்ப்பாள். நகத்தடி வெளுத்தால், "டாக்டர், இன்னொரு ஊசி" என்பாள்.

குன்வோரின் தம்பி யோஸ்டைனும் அதே கப்பலில்தான் வேலை. இந்தக் கரைக்குப் பொருந்தாத ஒரு குணம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இருந்தது: ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்பான். பள்ளியில் போதகர் யோனாவைத் திமிங்கிலம் விழுங்கிய கதையைச் சொன்னபோது "நெஜமாவா?" என்று கேட்டான். நிஜம்தான் என்றார். "நெஜம்மாவா?" என்றான். அன்று விழுந்த பட்டப்பெயர் 'ரெண்டு தடவை யோஸ்டைன்'. அக்கா புருஷனையும் பேர் சொல்லியே கூப்பிடும் ஊரில், அவன் ஒட்லைஃப்பை மட்டும் "கிழவா" என்று கூப்பிடுவான். ஒட்லைஃப்பைவிட அவனுக்கு ஒன்பது வயதுதான் குறைவு.

மீட்புக் கப்பலுக்கு ட்ரோன் வந்தது. கன்றுக்குட்டி அளவு இருக்கும். தலைக்கு மேலே நீளமான இறக்கை சுழலும். கடலில் விழுந்த ஆளை இருட்டிலும் தேடிக் கண்டுபிடித்துவிடும். பறக்கவிடுவதில் சிக்கல் இல்லை. திரும்ப இறக்குவதில்தான். கப்பலின் மேல்கட்டில் மோதிய காற்று இரண்டாகப் பிரிந்து, பாலத்தூணுக்குப் பின்னால் ஆற்றுத் தண்ணீர் சுழிப்பதுபோல, பின்தளத்தில் வந்து சுழித்துக்கொண்டு விழும். தளமோ ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். எந்தக் காற்றில், எந்த அலையில் இறக்கலாம், எதில் கூடாது என்று ஒரு வட்டம் வரைந்து கப்பலில் மாட்ட வேண்டும். பச்சைக்குள் இருந்தால் இறக்கு. சிவப்பு என்றால் ட்ரோனை எடுக்கவே எடுக்காதே.

அந்த வட்டத்தை வரைய ஓலெசுன்னில் ஒரு சிமுலேட்டர் கூடம். அதற்குப் பொறுப்பு ரான்வைக் என்ற பொறியாளர். அவளும் ஒரு மீனவன் மகள்தான். 'ஹாவ்தெர்னா'வைக் கம்பி, குழாய், புகைபோக்கி ஒன்றுவிடாமல் கம்ப்யூட்டருக்குள் கட்டியிருந்தாள். சுற்றிலும் திரையில் கடல். காலடியில் ஆறு இரும்புக்கால்களின் மேல் ஆடும் தரை. காற்று எப்படிச் சுழிக்கும் என்று கணக்குப் போட்டே மூன்று மாதம் போயிருந்தது.

"கடல்ல போய் ஒடச்சுக் கத்துக்க வேணாம்" என்றாள் முதல் நாள். "இங்க ஒடைங்க. இங்க ஒடஞ்சா ஒரு பட்டன அமுக்கினா மறுபடி முழுசா வந்துரும்."

ஆறு மாலுமிகள், இரண்டு வாரம், நூற்றிருபது இறக்கம். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு மதிப்பெண். ஒன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு இறக்கலாம். மூன்று என்றால் கைதேர்ந்தவன் இறக்குவான். நான்கு என்றால் கைதேர்ந்தவனும் எப்போதாவது கோட்டைவிடுவான். ஐந்து என்றால் உள்ளே போய்க் காப்பி குடி. நான்கும் ஐந்தும் வந்த இடத்துக்கெல்லாம் சிவப்பு.

காற்றுக்குச் சுழிப்பு உண்டு, அலைக்கு உயரம் உண்டு என்று எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்த ரான்வைக், ஒன்றே ஒன்றைச் சேர்க்கவில்லை. மதிப்பெண்ணை உரக்கச் சொல்ல வேண்டும்; அதைக் கேட்டுக்கொண்டு பின்பெஞ்சில் மற்ற ஐந்து பேர் கையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நாற்பத்தோராவது இறக்கம். வலது முன்பக்கத்திலிருந்து காற்று, வினாடிக்குப் பதினேழு மீட்டர். நாலு மீட்டர் அலை. ஒட்லைஃப்தான் ஆறு பேரில் நல்ல கைக்காரன். முதல் முறை அவனுக்கு. ட்ரோனைத் தளத்துக்கு மேலே கொண்டுவந்து, அலை அடங்கக் காத்திருந்து, இறக்கினான். தொட்டது. தொட்ட பிறகு அது வழுக்கியது. ஒரு முழம் இருக்கும். கீழே ஏதோ ஒரு சுழல் அதன் வயிற்றில் கைகொடுத்து ஒருபக்கமாகத் தூக்க, இறக்கை தளத்தை நோக்கிச் சாய்ந்தது. ஒட்லைஃப்பின் கை என்ன செய்தது என்று அவனுக்கே தெரியாது. ட்ரோன் நிமிர்ந்து நின்றது. திரையில் 'இறங்கியது' என்று வந்தது.

சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கைகள் நடுங்கின. இரண்டையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான்.

"எப்படி இருந்துச்சு?" என்றாள் ரான்வைக்.

"பரவால்ல."

"எத்தன போடட்டும்?"

பின்பெஞ்சில் யாரோ காப்பியை உறிஞ்சினார்கள்.

"ரெண்டு போட்டுக்கோ."

அதற்குப் பிறகு அதே காற்றில் மற்றவர்களும் இறக்கினார்கள். ஒருத்தன் ட்ரோனைக் கடலில் போட்டுவிட்டு "என் தப்பு, கைல வெண்ணெய்" என்று இரண்டு கொடுத்தான். ஒருத்தன் துணிந்து மூன்று என்றான், மதியம் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, "ஒடம்பு சரியில்லையாப்பா?" என்று அவனிடம் அக்கறையாக விசாரித்தார்கள். மறுநாள் அவனும் திருந்திவிட்டான். யோஸ்டைன் முகம் வெளுத்து இறங்கி வந்தான். ஒட்லைஃப்பை ஒரு பார்வை பார்த்தான். "நானும் ரெண்டுதான்" என்றான்.

சாயங்காலம் ஃபெர்ரியில் இருவரும் ஆளுக்கொரு ஸ்வெலே வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தடித்த தோசைபோல் சுட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மடித்த அதைத் தின்னாமல் ஃபெர்ரி ஏறியவன் இந்தக் கரையில் கிடையாது. யோஸ்டைன் தின்னவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"கிழவா. அந்த நாப்பத்தொண்ணு. நெஜமா ரெண்டா?"

"ரெண்டுதான்."

"எனக்கு அது வழுக்குச்சு."

"வழுக்கும். ஈரத்தளம்னா வழுக்காம?"

"நான் ரொம்ப பயந்துட்டேன். யாருகிட்டயும் சொல்லிராத." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒனக்கு நெஜம்மா ரெண்டா இருந்துச்சா?"

ஜன்னலுக்கு வெளியே கடற்பறவை ஒன்று ஃபெர்ரியின் வேகத்துக்கே பறந்து வந்துகொண்டிருந்தது. ஒட்லைஃப் அதைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ரெண்டுதாண்டா. ஆறிப்போகுது, தின்னு."

யோஸ்டைன் தின்றான். பெருமூச்சு விட்டு, "அப்ப எனக்குத்தான் இன்னும் பழகல" என்று சிரித்தான்.

வட்டம் வந்தது. பதினேழு மீட்டர், வலது முன்பக்கம்: நல்ல புல்வெளிப் பச்சை.

ஒன்றரை வருஷம் கழித்து, பிப்ரவரியில், மூழ்கிக்கொண்டிருந்த ஒரு நண்டுப்படகைத் தேடி ட்ரோன் போனது, அதிலிருந்த இருவரையும் கண்டுபிடித்தது, திரும்பியது. ஒட்லைஃப்புக்கு அது வீட்டுவாரம். பறக்கவிட்டது வேறொருவன், யோஸ்டைன் பின்தளத்தில் நின்றான். இறங்கிய ட்ரோனைப் பட்டை போட்டுத் தளத்தோடு கட்டுவது அவன் வேலை. இறக்கை நிற்கும்வரை மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. இறக்கை நிற்கும்வரை காத்திருந்தால் அந்தக் காற்றில் ட்ரோன் கடலுக்குப் போய்விடும் என்பது விதியில் இல்லாத விஷயம். தொட்டதும் அது வழுக்கியது. யோஸ்டைன் பட்டையோடு ஓர் எட்டு முன்னால் வைத்தான். ட்ரோனின் ஒரு பக்கம் தூக்கியது, இறக்கை அவன் பக்கம் சாய்ந்தது.

காற்று பதினேழு மீட்டர், வலது முன்பக்கத்திலிருந்து.

விசாரணை அலுவலகம் நாற்பது பக்கம் எழுதியது. காற்று பச்சைக்குள், அலை பச்சைக்குள், கருவியில் கோளாறு இல்லை. எல்லாம் சரியாக இருந்து ஓர் ஆள் மட்டும் செத்திருந்தால் தப்பு அந்த ஆளுடையதாகத்தானே இருக்க வேண்டும்? 'பணியாளர் மஞ்சள் கோட்டைத் தாண்டியதே விபத்துக்குக் காரணம்' என்று முடித்தார்கள்.

குன்வோர் அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து, சமையலறையில் கரண்டிகள் கிடக்கும் இழுப்பறையில் வைத்தாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கரண்டி எடுப்பாளோ அத்தனை தடவை அது கண்ணில் படும்.

"கேள்விதான் ரெண்டு தடவை கேப்பான்" என்றாள் ஒருநாள், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே. "விதிய மீறமாட்டான். சைக்கிளுக்கு லைட் இல்லாட்டி உருட்டிக்கிட்டு வர்ற பய அவன்."

"ம்" என்றான் ஒட்லைஃப்.

"கடையில ரெண்டு பேரு பேசிக்கிறாங்க. பாவம், அவசரக்குடுக்கை, அப்படின்னு. என் காதுபட."

"ம்."

"ஒனக்கு ஒண்ணும் தோணலியா?"

அவனுக்குத் தோன்றியது ஒரே ஒரு எண்தான். அது எட்டு மாதமாகத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. அதை வெளியே எடுத்தால் யோஸ்டைனின் பேர் தேறும். ஒட்லைஃப்பின் பேர் போகும். பேர் போனாலும் பரவாயில்லை. கடலோரத்தில் பேர் போனவர்கள் ஏதோ பிழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கிறவள் நிமிர்ந்து பார்க்கும் அந்தப் பார்வைக்குத்தான் அவன் பயந்தான். பயம் என்றும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. நேரம் வரட்டும் என்று சொல்லிக்கொண்டான்.

அக்டோபரில் ரான்வைக் போன் செய்தாள். யாரும் கேட்காமல் அவளாகவே மறுபடி சோதிக்கிறாளாம். "இந்தத் தடவ உரக்கச் சொல்ல வேணாம். ஒவ்வொருத்தரா வாங்க. பின்னால பெஞ்ச எடுத்துட்டேன்."

ஒட்லைஃப் போனான். வேறு எதையும் தொடாமல், "நாப்பத்தொண்ணப் போடு" என்றான். அவள் போட்டாள். அதே காற்று, அதே அலை. ட்ரோன் தொட்டது, வழுக்கியது, ஒரு பக்கம் தூக்கியது. இந்தத் தடவை அவன் கை எதுவும் செய்யவில்லை. இறக்கை தளத்தில் மோதிச் சிதறியதைத் திரை சத்தமில்லாமல் காட்டியது. பட்டனை அமுக்கினாள், முழுசாகத் திரும்பி வந்தது.

வெளியே வந்து மேஜைமேல் இரண்டு கையையும் வைத்தான். அவை நடுங்கின. அப்படியே விட்டான்.

"அஞ்சு" என்றான்.

ரான்வைக் எழுதினாள்.

"அன்னிக்கும் அஞ்சுதான்."

பேனா நின்றது. அவள் அதை மூடி வைத்தாள். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பிப் பழைய கோடு ஒன்றைக் காட்டினாள். மலையும் பள்ளமுமாக நடுங்கிய கோடு. "இது அன்னிக்கு ஒன் கை. நாப்பத்தாறு சென்டிமீட்டர் வழுக்கியிருக்கு. அன்னிக்கு சாயங்காலமே பாத்துட்டேன்."

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"பின்ன ஏன் கேக்கல?"

"கேட்டேனே. ரெண்டுன்னியே."

"இன்னொரு தடவ கேட்டிருக்கலாம்ல."

"கடல்லயே கெடந்து வளந்த ஆள, நீ சொன்னது நெஜமான்னு எப்படிக் கேக்கறது?" அவள் திரையை அணைத்தாள். "எங்கப்பாகிட்ட அப்படிக் கேட்டா வீட்டுக்குள்ள சேத்திருக்கமாட்டாரு."

இருவரும் காப்பி குடித்தார்கள். இரண்டாவது தடவை கேட்கத் தெரிந்த ஒரே ஆளைப் பற்றி இருவரும் பேசவில்லை.

டிசம்பர் முதல் சனிக்கிழமை புதுப்பக்கம் தபாலில் வந்தது. வட்டத்தில் அந்தப் பகுதி சிவப்பாகிவிட்டது. அறிக்கையும் திருத்தப்பட்டுவிட்டது: 'அந்தக் காற்றில் இறக்கத்தை அனுமதித்திருக்கவே கூடாது. பணியாளர் நின்ற இடம் விபத்துக்குக் காரணம் அல்ல. சோதனையில் பங்கேற்ற ஒருவர், தான் முன்பு கொடுத்த மதிப்பீடு தவறு என்று தானாக முன்வந்து தெரிவித்ததால் இது வெளிப்பட்டது.'

பங்கேற்ற ஒருவர். அலுவலகங்களுக்குத்தான் எவ்வளவு கருணை.

குன்வோர் சமையலறையில் நின்றபடியே படித்தாள். இழுப்பறையைத் திறந்து பழைய பக்கத்தை எடுத்தாள், அடுப்பில் போட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ஒட்லைஃப் பத்து மாதமாகப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு முட்டையை எடுத்தாள், வாதுமையை எடுத்தாள்.

"என்ன பண்ற?"

"கேக்கு. யாரோ ஒருத்தன் உண்மையச் சொல்லியிருக்கானே. எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும் அவனுக்கு! யாருன்னு அந்தப் பொண்ணு ரான்வைக்கக் கேட்டுக் கொண்டுபோய்க் குடுக்கணும்." விசேஷத்துக்குச் செய்யும் மஞ்சள் மேல்பூச்சுக் கேக். அதற்கு இந்த ஊரில் 'வெற்றி' என்று பேர்.

ஒட்லைஃப் உட்கார்ந்திருந்தான். கேக் வெந்தது, ஆறியது, மேல்பூச்சு ஏறியது. டப்பாவை எடுக்கத் திரும்பிய குன்வோர் பாதியில் நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். நகத்தடி வெளுத்திருந்தது.

"நீதானா?" என்றாள்.

"ஆமா."

"எத்தன சொன்ன அன்னிக்கு?"

"ரெண்டு. கை நடுங்குச்சு. மறச்சுட்டு ரெண்டுன்னு சொன்னேன். எல்லாரும் அதையே சொன்னாங்க."

டப்பாவை மெல்லக் கீழே வைத்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நம்ம ஊருல வேற யாரு நாலுன்னு சொல்லியிருப்பா?" என்றாள் கடைசியில். "எங்கப்பாவும் ரெண்டுன்னுதான் சொல்லியிருப்பாரு."

அந்த இடத்தில் எழுந்து போய் விறகு பிளந்திருந்தால் ஒட்லைஃப் தப்பித்திருப்பான். அவன் எழவில்லை.

"அவன் கேக்கலியா?" என்றாள் குன்வோர். "யோஸ்டைன். அவன் கேப்பானே."

"கேட்டான். ஃபெர்ரில."

"ரெண்டு தடவையா?"

"ஆமா, ரெண்டு தடவை. பயந்துட்டேன்னு சொன்னான்."

"நீ?"

"ரெண்டுதான்னு சொன்னேன். ஆறிப்போகுது, தின்னுன்னேன்."

வெளியே மணி மூன்றரைக்கே இருட்டிவிட்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பனியை மண்வெட்டியால் வாரும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது.

குன்வோர் எழுந்தாள். கத்தியை எடுத்துக் கேக்கில் ஒரு பெரிய துண்டு வெட்டி, நல்ல தட்டில் வைத்து, அவன்முன் நகர்த்தினாள்.

"சாப்பிடு. உண்மையச் சொன்னவனுக்குன்னு செஞ்சது. ஒனக்குத்தான்."

அவன் சாப்பிட்டான். ஒரு வாய், இன்னொரு வாய். அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

முப்பது வருஷமாக அந்தக் கேள்விக்கு அந்த மேஜையில் ஒரே பதில்தான். அது நாக்கு நுனிவரை வந்தது. ஒட்லைஃப் அதை விழுங்கினான்.

"எறங்க மாட்டேங்குது" என்றான்.

"எனக்கு இனிமே ஒன்னப் பாக்கறதே கஷ்டமா இருக்கும், ஒட்லைஃப்" என்றாள். கஷ்டம் என்ற அந்தச் சொல்லை அவள் மெதுவாக, தெளிவாகச் சொன்னாள்.

தட்டை எடுக்கவில்லை. எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவன் முடிக்கும்வரை அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.